மேசையில் யானையை இறக்கலாமா?

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் போனபோது யானையும் கூடவே போனது. ஆனால் போன இடத்தில் அதன் நிலைமை கொஞ்சம் பரிதாபம்தான். அங்கே ‘ஷத்ரஞ்ச்’ எண்டு விளையாடின ஆட்டத்தில் யானை மூலைவாட்டில் சரியாக இரண்டாவது கட்டத்துக்குத்தான் பாயும். ஒரு கட்டம் நகர ஏலாது, மூன்று கட்டமும் போக ஏலாது. ஒரு தாளில் கட்டம் கீறிப் பாருங்கோ. 64 கட்டங்களில் ஒரு யானை தன் வாழ்நாள் முழுக்கப் போகக்கூடியது 8 கட்டங்களுக்கு மட்டும்தான். போர்க்களத்தின் ஆகப்பெரிய மிருகம், பலகையில் ஆகப் பலவீனமான காய்களில் ஒன்று.

பெரிய ஆயுதமொன்றை விளையாட்டுக்குள் கொண்டுவரும் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் இருக்கு. ஒன்றில் அது ஆட்டத்தையே விழுங்கிவிடும், இல்லாட்டி ஆட்டத்தைக் காப்பாற்ற அதன்ர பல்லைப் பிடுங்கவேண்டி வரும். இதை நல்லாக் காட்டுற உதாரணம் வார்ஹாமர் 40,000.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுறன். இது 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் வெளியிட்ட மேசைப் போர் விளையாட்டு. சின்னச் சின்னப் பொம்மைகளை நீங்களே ஒட்டி, நிறம் தீட்டி, ஒரு படையாக்கி மேசையில் நிறுத்த வேண்டும். தூரத்தை அளவுநாடாவால் அளப்பினம். சூடு பட்டதா இல்லையா எண்டதைத் தாயக்கட்டை சொல்லும். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு புள்ளிக்குப் படை கொண்டுவந்தால் ஆட்டம் நியாயம் எண்டதுதான் அடிப்படை.

இந்தக் கற்பனை உலகத்தில் ‘டைட்டன்’ எண்ட நடமாடும் இயந்திரங்கள் இருக்கு. கட்டடத்தை விட உயரம், கோயில் கோபுரம் ஒன்று கால் முளைச்சு நடக்கிற மாதிரி. மனிதப் பொம்மையின் அளவுக்கு அதைச் செய்தால் மேசை தாங்காது. அதனால் 1988இல் வந்த ‘அடெப்டஸ் டைட்டானிக்கஸ்’ ஆட்டத்தில் எல்லாத்தையும் சின்னதாக்கிப் போட்டினம். மனிதன் அரிசி மணியளவு எண்டால் டைட்டன் கைக்குள் அடங்கும். பெட்டிக்குள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த டைட்டன்கள்தான் இருந்தன. ஒரே மாதிரி இயந்திரங்கள் ஏன் தங்களுக்குள் சண்டை பிடிக்குது? அதுக்காக ஒரு உள்நாட்டுப் போர்க் கதையை உருவாக்கினார்கள். அந்தக் கதைதான் பிறகு ‘ஹோரஸ் ஹெரெஸி’ எண்டு 50க்கு மேற்பட்ட நாவல்களாக வளர்ந்தது. ஒரு அச்சின் செலவை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு புராணமே பிறந்துவிட்டது.

ஆனால் ஆட்களுக்குப் பெரிய அளவிலேயே பெரிய இயந்திரம் வேண்டியிருந்தது. 2007இல் ‘அபொகலிப்ஸ்’ எண்ட விரிவாக்கம் வந்தது. பல பேர் சேர்ந்து, பெரிய மேசையில், நாள் முழுக்க விளையாடும் ஆட்டம் அது. அங்கே இராட்சதர்களுக்கு இடம் இருந்தது. 2013 கடைசியில் வந்த ‘எஸ்கலேஷன்’ அவர்களைச் சாதாரண ஆட்டத்துக்குள்ளும் அனுமதிச்சது. 2014இல் ‘இம்பீரியல் நைட்’ எண்ட, டைட்டனை விடச் சின்ன இயந்திரம் பிளாஸ்டிக்கில் வந்தது. அந்த ஆண்டிலிருந்து இராட்சதர் வழமையான படையின் ஒரு பகுதி. சண்டையும் அங்கேதான் தொடங்கிச்சு, மேசையிலில்லை, ஆட்டக்காரருக்கு இடையில.

இறக்கலாம் எண்டவர்களின் பக்கத்தில் நியாயம் இருக்கு. முதலாவது, அழகு. மாதக்கணக்கில் நிறம் தீட்டின ஒரு இராட்சத இயந்திரம் மேசையில் எழும்பி நிற்கேக்க எதிராளியும் போனை எடுத்துப் படம் பிடிப்பார். இரண்டாவது, வசதி. நூறு பொம்மை செய்யப் பொறுமை இல்லாதவர் மூன்று நாலு நைட்டோட ஒரு முழுப்படை கட்டலாம். மூன்றாவது, கதை. ஒரு டைட்டன் விழுந்த ஆட்டத்தை ஐந்து வருசம் கழிச்சும் பேசுவினம். ஐந்து துப்பாக்கி வீரர் விழுந்ததை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?

வேண்டாம் எண்டவர்களின் நியாயமும் சின்னதில்லை. அந்தக் காலத்து விதிப்படி, குறிப்பிட்ட பலத்துக்குக் குறைந்த துப்பாக்கியால் கவசத்தில் கீறல்கூடப் போட ஏலாது. காலாட்படை மட்டும் கொண்டு வந்தவர் இரண்டு மணித்தியாலம் தன்ர பொம்மைகளைப் பெட்டிக்குள் திருப்பி அடுக்கிறதுதான் வேலை. மறுபக்கம், அவர் தற்செயலாகக் கவசத்தை உடைக்கும் ஆயுதங்களோட வந்திருந்தால் இராட்சதர் முதல் சுற்றிலேயே சரி. அப்ப பாதிப் படை போச்சு, மிச்ச நேரம் என்ன செய்யிறது? இரண்டு விதத்திலும் வெற்றி முடிவாகிறது படைப் பட்டியல் எழுதின அன்றைக்கு. மேசையில் யோசிக்க ஒண்டும் மிஞ்சாது. காசு வேற. பெரிய பொம்மையின் விலை, விளையாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு ஏற்றத்தாழ்வை மேசைக்கும் கொண்டுவந்துவிடும்.

2017இல் வந்த எட்டாம் பதிப்பு இதுக்கு ஒரு வழி பார்த்தது. தாயக்கட்டையில் 6 விழுந்தால் எந்தச் சின்னத் துப்பாக்கியும் எந்தப் பெரிய இயந்திரத்தையும் காயப்படுத்தலாம். அடிபட அடிபட அந்த இயந்திரத்தின் வேகமும் குறியும் குறையும். ஷத்ரஞ்ச் மாதிரிப் பல்லைப் பிடுங்கவில்லை, வயசாக விட்டார்கள்.

ஆனால் உண்மையான போரில் இராட்சதர்களைத் தோற்கடித்தது பெரும்பாலும் எதிரியின் துப்பாக்கி இல்லை.

கி.மு. 202இல் ஸாமாவில் ஹனிபல் 80 யானைகளை முன்னால் விட்டான். எதிரே நின்ற ரோமத் தளபதி ஸ்கிப்பியோ தன் படைக்கு நடுவே பாதைகள் விட்டு வைத்திருந்தான். எக்காளச் சத்தத்தில் மிரண்ட சில யானைகள் திரும்பி ஹனிபலின் குதிரைப்படைக்குள்ளேயே ஓடின. மிச்சத்தில் பல அந்தப் பாதைகள் வழியாகப் போய்விட்டன. 1942இல் செவஸ்தபோலைத் தாக்க ஜேர்மனியர் கொண்டுவந்த ‘குஸ்தாவ்’ பீரங்கியின் வாய் 80 சென்ரிமீற்றர் அகலம், எடை 1,300 தொன்னுக்கு மேல். அதுக்கெண்டே தண்டவாளம் போட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்து, கடைசியில் அங்கே சுட்டது 50க்கும் குறைவான குண்டுகள். அவர்களின் ‘மவுஸ்’ டாங்கி 188 தொன். அதைத் தாங்கக்கூடிய பாலம் கிடைப்பதே கஷ்டம், ஆற்றுக்குள் இறங்கித்தான் கடக்கவேண்டும் எண்டு திட்டம். கட்டி முடிந்தது இரண்டே இரண்டு மாதிரிகள்.

மேசையில் பாலம் உடையாது, எரிபொருள் முடியாது, தண்டவாளம் போட ஆள் தேவையில்லை. அதனால்தான் அங்கே இராட்சதர் இவ்வளவு நல்லாயிருக்கு. புள்ளிக் கணக்கு யுத்தத்தின் விலையைச் சொல்லுற மாதிரித் தெரியும், ஆனால் சொல்லுறதில்லை.

இதில் எனக்குப் பிடிச்ச மனிதர் எச். ஜி. வெல்ஸ். 1903இல் நிலத்தில் ஊரும் இரும்புக் கப்பல்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். 1916இல் டாங்கிகள் முதன்முதலாகப் போருக்கு வந்தபோது அந்தக் கதை பலருக்கு ஞாபகம் வந்தது. இடையில் 1913இல் அவரே பொம்மை வீரர்களோட தரையில் விளையாட விதிகள் எழுதி ‘லிட்டில் வோர்ஸ்’ எண்டு புத்தகமாகப் போட்டார். பொம்மைச் சண்டை நாலு தரம் விளையாடினாலே உண்மைப் போர் எவ்வளவு முட்டாள்தனம் எண்டு விளங்கும் எண்டது அவரின் வாதம். அடுத்த வருசமே முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

அவர் சொன்னது பாதிதான் சரி எண்டு நினைக்கிறன். விளையாட்டு போரின் முட்டாள்தனத்தைக் காட்டலாம், ஆனால் அதுக்குக் கீழே நிற்கிற ஆக்களைக் காட்டாது. மேசையில் இருக்கிற எல்லாரும் படையாட்கள். வீட்டுக்குள் இருந்தவருக்கு, பங்கருக்குள் இருந்த பிள்ளைக்குப் பொம்மையும் இல்லை, புள்ளியும் இல்லை. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு அந்த வெற்றிடம் கண்ணில் படாமல் இருக்காது.

அதுக்காக விளையாட வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. யானையை இறக்குங்கோ. முன்னமே எதிராளிக்குச் சொல்லிப்போட்டு இறக்குங்கோ, அவரும் தயாராக வரட்டும். விழும்போது சேர்ந்து சிரியுங்கோ. மேசையை ஒதுக்கேக்க ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, உண்மையில் இது நடந்து வந்திருந்தால் எந்த ஊருக்குள்ளால வந்திருக்கும் எண்டு.