இரண்டு ஒக்டோபர் முப்பதுகள்

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றில் ஒக்டோபர் மாதத்துக்குத் தனியான ஓர் இடம் உண்டு. இந்திய அமைதி காக்கும் படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1987இல் போர் மூண்டது ஒரு ஒக்டோபரில். வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபரில். வலிகாமம் ஓரிரவில் வெறுமையானது 1995 ஒக்டோபரில். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதியே.

அந்தப் புகையிரதம் வந்து பன்னிரண்டு நாள்களின் பின்னர், சனிக்கிழமை ஒன்றில், நானும் அதிலேறி ஊருக்குச் சென்றேன். ஒரு வாரமே விடுமுறை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட காலம். கந்தசஷ்டி விரதமும் தொடங்கியிருந்தது. உறவினர், பள்ளித் தோழர், பழைய பத்திரிகை நண்பர் என்று அந்த வாரத்தில் பதினேழு வீடுகளின் படியேறினேன். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாலையிட்ட ஒரு படமேனும் இருந்தது.

வடபகுதிப் புகையிரதப் பாதையின் கதை பலர் அறிந்ததே. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதலில் ஓடத் தொடங்கிய வண்டி, 1905இல் கொழும்புடன் இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த எங்கள் தந்தையர் தலைமுறை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வாழ முடிந்தது இந்தப் பாதையால்தான். இரவுத் தபால் வண்டியில் கொழும்புப் பத்திரிகைக் கட்டுகள் வந்திறங்கும். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது வண்டி நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. வண்டியோடு கடிதமும் பத்திரிகையும் தடைப்பட்டன. பின்னால் நான் சொல்லப்போவதற்கு இந்தத் தடை ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அன்று.

நாவற்குழியைத் தாண்டி வண்டி கடல்நீரேரியின் மேலாகச் சென்றபோது, எதிரில் இருந்த முதியவர் யன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "இதாலதான் தம்பி நடந்தனாங்கள்" என்றார். எந்த ஆண்டு என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. 1995 ஒக்டோபர் 17இல் இராணுவம் 'ரிவிரெச' நடவடிக்கையைத் தொடங்கியது. 30ஆம் திகதி, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். எனது தமக்கையார் அம்மாவைச் சைக்கிளின் பின்னால் இருத்தி உருட்டிச் சென்றார். அம்மா சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் அந்த மார்கழியில் காலமானார். கொழும்பில் இருந்த எனக்குச் செய்தி கிடைத்தபோது முப்பத்தொன்றும் முடிந்திருந்தது.

நான் சென்ற வீடுகள் அனைத்திலும் பேச்சு அந்த இரவுக்கே திரும்பியது. யார் எதை எடுத்துச் சென்றார்கள், யார் யாரைத் தவறவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி ஆறினார்கள். அது அவர்களுடைய உரிமை.

செவ்வாய்க்கிழமை சோனகத் தெருவுக்குச் சென்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன், புத்தளத்திலிருந்து திரும்பி வந்து ஒரு வாடகை அறையில் தையல் இயந்திரத்தோடு இருந்தான். சொந்த வீட்டுக் காணியில் கிணறும் இரண்டு சுவர்களும் மட்டுமே எஞ்சியிருந்தன.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. அந்தப் பகையின் விலையை, அதோடு எந்தத் தொடர்புமற்ற வடக்கு முஸ்லிம்கள் கொடுக்க நேர்ந்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், 30ஆம் திகதி யாழ். நகரை அடைந்தது. மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. ஐந்து மாவட்டங்களிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டனர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

இந்த இரண்டு வெளியேற்றங்களுக்கும் இடையே சரியாக ஐந்து ஆண்டுகள். ஒரே திகதி, ஒரே நகரம், உத்தரவிட்டவர்களும் ஒருவரே. முதலாவதன்போது அயலவர் பலர் படலையடியில் நின்று பார்த்தார்கள். சிலர் அழுதார்கள், திறப்பை வாங்கி வைத்தவர்களும் உண்டு. ஆனால் தெருவுக்கு இறங்கித் தடுக்க எவராலும் முடியவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

எனக்கு முன்னால் துப்பாக்கி இருக்கவில்லை. நான் கொழும்பில் மேசையில் இருந்தேன். நவம்பர் முதல் வாரத்தில் செய்தி வந்து சேர்ந்தது. எனது கையால் எழுதிக் கொடுத்தது பத்து வரிகள். விபரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தளம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் சில மணித்தியாலப் பயணம். விபரம் அங்கே முகாம்களில் குந்தியிருந்தது. நான் போகவில்லை. தமிழருக்கு எதிரான செய்தியாகிவிடுமோ என்ற தயக்கம் என்னிடம் இருந்தது என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை.

நண்பன் இதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. 1995 நவம்பரில் எனக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில் இருந்து எழுதியது. வானொலியில் கேட்டதாகவும், அம்மா எங்கே, நடக்கக்கூடியவராக இருக்கிறாரா என்றும் விசாரித்திருந்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் நான் அவனுக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. தையல் இயந்திரத்தின் அருகில் இருந்தபடி அதைச் சொன்னேன். "அதை விடடா. அம்மா எனக்கும் சோறு போட்டவ" என்றான்.

வியாழக்கிழமை 30ஆம் திகதி. அன்று காலை அக்காவுக்குக் கந்தசஷ்டிப் பாறணை. சாப்பாட்டுக்கு நண்பனையும் அழைத்து வந்தேன். அக்கா அவனைக் கண்டதும் நோன்புப் பெருநாளுக்கு அவனது தாயார் அனுப்பும் வட்டிலாப்பத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார். இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் தந்தவங்கள்?"

"ரெண்டு மணித்தியாலம் அக்கா."

"எங்களுக்கு ஓர் இரவு" என்றார் அக்கா. பிறகு, "உங்களை அனுப்பேக்க நாங்கள் கதைச்சிருக்க வேணும்" என்றார்.

நண்பன் பதில் சொல்லவில்லை. அப்பளத்தை எடுத்து நொருக்கினான். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் நான் கொழும்புக்கு வண்டியேறினேன். முப்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ ஆயிரம் வரிகள் எழுதியிருக்கிறேன். 1990 நவம்பரில் பத்தோடு நிறுத்திய செய்தியின் மிகுதி இது. நண்பனின் அனுமதியோடு எழுதுகிறேன்.