பஞ்சாயத்துக்கு வந்தவர் பட்டத்தை எடுத்துக்கொண்ட கதை



ரஷ்ய அரசி கேத்தரின் பற்றிய தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "புருஷனையே இறக்கிவிட்டுப் பட்டத்துக்கு வந்திருக்காங்களே சார், நம்ம பக்கம் இப்படியெல்லாம் உண்டா?" என்று கேட்டாள். உண்டு அம்மா. அதே நூற்றாண்டில், திருச்சி அரண்மனையில். அதன் பலனை நம் நெற்கட்டும்செவல் வரை அனுபவித்தோம். போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரஷ்யா. மகா பீட்டர் 1722-ல் ஒரு சட்டம் போட்டார். அடுத்த வாரிசு யார் என்பதை ஆளும் அரசரே முடிவு செய்யலாம் என்பது அந்தச் சட்டம். ஆனால் 1725-ல் அவரே யாரையும் அறிவிக்காமல் இறந்துபோனார். அடுத்த 37 வருடம் அரண்மனைக் காவல்படை யார் பக்கமோ அவருக்குத்தான் பட்டம். 1741-ல் பீட்டரின் மகள் எலிசபெத், கைக்குழந்தையாக இருந்த அரசன் இவானை ஒரே ராத்திரியில் இறக்கினார். 1762-ல் கேத்தரின் தன் கணவர் மூன்றாம் பீட்டரை இறக்கினார்.

இப்போது நம் பக்கம் வருவோம். மதுரை நாயக்கர்கள் என்று சொன்னாலும் அப்போது தலைநகரம் திருச்சி. 1689-ல் ராணி மங்கம்மாளின் மகன் பெரியம்மை கண்டு இறந்தார். மருமகள் அப்போது கர்ப்பிணி. ஆண் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். கைக்குழந்தைப் பேரனுக்குப் பட்டம் கட்டி, அவன் பெயரால் சுமார் 17 வருடம் ஆண்டார் பாட்டி. சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரை இன்றும் சொல்கின்றன. பேரன் வளர்ந்த பிறகு பாட்டியை அடைத்து வைத்துப் பட்டினி போட்டார்கள் என்று மதுரைப் பக்கம் கதை சொல்வார்கள்.

அந்தப் பேரன்தான் விஜயரங்க சொக்கநாதர். பெரிய பக்திமான். அவரும் ராணியும் கைகூப்பி நிற்கும் சிலையை ஸ்ரீரங்கம் கோவிலில் பார்க்கலாம். கோவில்களுக்கு அள்ளிக் கொடுத்தவர், தனக்குப் பின் யார் என்பதை மட்டும் தீர்த்து வைக்கவில்லை. பிள்ளையும் இல்லை. 1732-ல் இறந்தார்.

அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். அரச குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகனைத் தத்து எடுத்துக்கொண்டார். பையனைக் கொடுத்த பங்காரு, ராஜ்யம் தனக்கே என்று நின்றார். தளவாய் வேங்கடாசாரியாரும் அவர் பக்கம் சேர்ந்தார். அரண்மனை இரண்டுபட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். உள்ளுக்குள் பேசி முடித்திருக்க வேண்டிய வழக்கு இது. 1734-ல் கப்பம் கேட்டு ஆற்காட்டு நவாபின் படை வந்தது. நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் கூட வந்தார்கள். வழக்கு அவர்களிடம் போயிற்று. பங்காரு பணம் கொடுத்தார். சப்தர் அலி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். மீனாட்சி சந்தா சாகிபைப் பிடித்தார். பேசிய தொகை ஒரு கோடி ரூபாய் என்பார்கள். ராணிக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று குர்ஆன் மீது சத்தியம் செய்துகொடுத்தார் சந்தா சாகிப். கோட்டைக் கதவு திறந்தது.

1736-ல் அவர் மறுபடி வந்தார். அம்மையநாயக்கனூர் அருகே நடந்த சண்டையில் பங்காருவின் படை தோற்றது. அவர் சிவகங்கைப் பக்கம் போய் ஒதுங்கினார். எதிராளி ஒழிந்ததும் சத்தியமும் ஒழிந்தது. ராணி தன் அரண்மனையிலேயே சிறைப்பட்டு, விஷம் குடித்து உயிரை விட்டார். விசுவநாத நாயக்கர் நிறுவிய இருநூறு வருட ராஜ்யம் அத்தோடு முடிந்தது. வழக்கில் இரண்டு கட்சியும் தோற்றன. தீர்ப்புச் சொல்ல வந்தவர் ஜெயித்தார்.

அவரும் நிலைக்கவில்லை. ரஷ்யாவில் எலிசபெத் பட்டத்துக்கு வந்த அதே 1741-ல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சிறை கொண்டுபோனார்கள். பின்னாளில் விடுதலையாகி வந்து, 1752-ல் அதே திருச்சி அருகே தலை வெட்டப்பட்டார்.

இதனால் நமக்கு என்ன? நாயக்கர்களுக்கு அடங்கியிருந்த பாளையங்கள் ஆற்காட்டு நவாபின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. நவாபு முகமது அலியோ ஆங்கிலேயக் கம்பெனியின் துணையில் நின்றவர். அதனால்தான் 1755-ல் கர்னல் ஹெரான், மாபூஸ்கானோடு கப்பம் வசூலிக்கத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். நெற்கட்டும்செவலில் புலித்தேவர் கொடுக்க மறுத்தார். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் "கம்பெனிக்காரன் இங்கே எதற்கு வந்தான்?" என்று பிள்ளைகள் கேட்டால், திருச்சி அரண்மனையிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.

கேத்தரின் பிறப்பால் ஜெர்மானியர். ஆனாலும் ரஷ்யாவில் மாறியது ஆள்தான், நாடு கைமாறவில்லை. அங்கே சண்டையைத் தீர்த்தது சொந்தக் காவல்படை. இங்கே தீர்த்தது வெளியூர்ப் படை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. ராஜ்யம் வேண்டாம், ஒரு காணி நிலம் போதும் இப்படி ஆவதற்கு. பெரியவர்கள் திடமாக இருக்கும்போதே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

மங்கம்மாள் சாலை என்று எந்தெந்த ஊரில் இன்னும் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள்.