உருவமும் உள்ளடக்கமும்: 'லா ஜெத்தே' குறும்படம் – ஒரு வரலாற்று நோக்கு

கலையில் முதன்மை பெறுவது உருவமா, உள்ளடக்கமா என்னும் வினா பழையது. கவிதை பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மிடையே எழுவதும் இவ்வினாவே. சொல்லுதற்குப் பொருள் இல்லாதவரே உத்தியை நாடுகின்றனர் என்பது ஒரு சாரார் கட்சி. சொல்லும் முறையே கலை என்பது மறுசாரார் கட்சி. இவ்வழக்கினை ஆராயத் திரைப்பட வரலாறு நல்லதொரு சான்றினைத் தருகிறது. அது பிரெஞ்சு இயக்குநர் கிரிஸ் மார்க்கர் (1921–2012) 1962-இல் உருவாக்கிய 'லா ஜெத்தே' என்னும் 28 நிமிடக் குறும்படமாகும்.

கதை சுருக்கமானது. மூன்றாம் உலகப் போரில் பாரிசு நகரம் அழிகிறது. எஞ்சியோர் நிலவறைகளில் வாழ்கின்றனர். வென்றவர்கள் கைதிகளைக் கொண்டு காலத்தைக் கடக்கும் சோதனைகளை நடத்துகின்றனர். சிறுவனாக ஓர்லி விமான நிலையத்தின் பார்வையாளர் மேடையில் கண்ட ஒரு பெண்முகத்தை மறவாத கைதி ஒருவன், அந்நினைவின் வலிமையால் இறந்தகாலத்திற்குச் சென்று அவளைச் சந்திக்கிறான். இறுதியில் அதே மேடையில் அவளை நோக்கி ஓடுகையில் கொல்லப்படுகிறான். சிறுவனாய் அன்று அவன் கண்டது தன் சாவையே.

உருவத்தின் பின்புலம்

இப்படம் ஏறத்தாழ முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. மார்க்கர் இதனைப் 'புகைப்படப் புதினம்' என்றே தலைப்பில் குறித்தார். அப்பெயர் உயர்ந்த இலக்கிய மரபினின்று வந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலும் பிரான்சிலும் மலிவு விலை இதழ்களில் வெளிவந்த காதற் படக்கதைகளின் பெயர் அது. அவ்வெகுமக்கள் வடிவத்தோடு அறிவியல் புனைகதையையும் நினைவு பற்றிய சிந்தனையையும் அவர் ஒன்றாக்கினார்.

அசையும் படம் எடுக்க இயலாமையால் நேர்ந்ததன்று இவ்வுருவம். அதே 1962 மே மாதத்தில், பாரிசு மக்களை நேரில் கண்டு உரையாடும் 'லெ ஜோலி மே' என்னும் ஆவணப்படத்தை அவர் பியர் லோமுடன் சேர்ந்து படமாக்கினார். எடைகுறைந்த காமெராவும் உடன்பதிவு ஒலியும் தெருவிற்கு வந்துவிட்ட காலத்தில், மார்க்கர் வேண்டியே இயக்கத்தை நிறுத்தினார் என்பது நோக்கத்தக்கது.

உள்ளடக்கத்தின் பின்புலம்

நிலவறைச் சோதனையாளர்கள் ஜெர்மன் மொழியில் முணுமுணுக்கின்றனர். நாஜிக் கொடுமைகளின் நினைவு இதனுள் உறைந்துள்ளது. வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' (1955) படத்தில் மார்க்கர் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர். மேலும், அல்ஜீரியப் போர் முடிவுற்ற ஆண்டு 1962. கைதிகளை வதைத்தல் அப்போரில் பெரும் கண்டனத்திற்கு உள்ளானது. அதனைத் தொட்ட கோதாரின் 'சிறு சிப்பாய்' 1960-இல் எடுக்கப்பட்டும் 1963 வரை வெளிவர இயலவில்லை. இச்சூழலில் எதிர்காலக் கதை என்னும் போர்வை வெறும் புதுமை நாட்டம் அன்று எனக் கருத இடமுண்டு.

இரண்டும் ஒன்றாகும் இடம்

நினைவு ஓடையாக ஓடுவதில்லை. தனித்தனிக் காட்சிகளாகவே எஞ்சுகிறது. அசையாப் படங்களின் வரிசை அவ்வியல்பையே காட்டுகிறது. படம் முழுவதிலும் ஓரிடத்தில் மட்டும் இயக்கம் பிறக்கிறது. உறங்கும் பெண்ணின் படங்கள் ஒன்றில் ஒன்று கரைய, பறவையொலி மிக, அவள் கண் திறந்து நம்மை நோக்கி இமைக்கிறாள். சில நொடிகளே அது. ஆயினும் நினைவாக இருந்தவள் அக்கணத்தில் உயிராகிறாள். ஏனைய படங்கள் அசைந்திருந்தால் இவ்வசைவிற்குப் பொருளே இராது.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். அப்பெண்ணுக்குப் பெயரில்லை, சொந்தக் குரலும் இல்லை. ஆணின் நினைவில் அவள் ஓர் உருவம் மட்டுமே. இக்குறை மெய்யே, உத்தியின் அழகு அதனை மறைத்துவிடலாகாது. எனினும் இயக்கம் என்னும் ஒரே கொடையை இயக்குநர் நாயகனுக்குத் தரவில்லை, அவளுக்கே தந்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இதற்கோர் உரைகல்லும் வரலாற்றில் உண்டு. இக்கதையை அடிப்படையாகக் கொண்டு டெர்ரி கில்லியம் 1995-இல் 'பன்னிரண்டு குரங்குகள்' என்னும் முழுநீளப் படத்தை இயக்கினார். போருக்கு மாற்றாகக் கொள்ளைநோய் வந்தது. காலப் பயணமும் விமான நிலைய மரணமும் நிலைத்தன. அதுவும் தன்னளவில் சிறந்த படமே. ஆனால் எல்லாம் அசையும் அப்படத்தில், கண் திறக்கும் அக்கணத்திற்கு இடமில்லை. கதை இடம்பெயர்ந்தது, உருவத்தோடு பிறந்த பொருள் இடம்பெயரவில்லை.

ஆகவே உருவமா, உள்ளடக்கமா எனப் பிரித்து வினவுதலினும், இவ்வுருவத்தை நீக்கினால் எப்பொருள் இழக்கப்படும் என வினவுதலே பயன்தரும். ஒன்றும் இழக்கப்படாதாயின் அது வெறும் அணி. புதுமுறைக் கவிதை இயற்றுவோர் தம் ஒவ்வொரு வரி முறிப்பையும் இவ்வினாவால் சோதித்துக் கொள்ளலாம்.