பள்ளிக் கண்காணிப்பாளர் – வாரிய உறவு (அமெரிக்கா)

அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகத் தலைவரான கண்காணிப்பாளருக்கும் அவரை நியமிக்கும் பள்ளி வாரியத்துக்கும் இடையிலான உறவு. கண்காணிப்பாளர் பதவி 1837இல் பஃபலோ, லூயிவில் நகரங்களில் தோன்றியது. பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியத்தின் பொறுப்பு கொள்கையும் வரவுசெலவு ஒப்புதலும். அன்றாட நிர்வாகம் கண்காணிப்பாளருடையது. காகிதத்தில் தெளிவான இந்தக் கோடு நடைமுறையில் எளிதில் அழிந்துவிடும்: பேருந்துத் தடம் பற்றிப் பெற்றோர் ஒருவர் முறையிட்டதும், வாரிய உறுப்பினர் நேராகத் தலைமையாசிரியரை அழைத்துவிடுவார். கண்காணிப்பாளரின் காதுக்கு விஷயம் கடைசியில்தான் எட்டும். எனவே, கெட்ட செய்தியை நாளிதழுக்கு முன்பே வாரியத்துக்குச் சொல்வதும், ஒருவருக்குத் தரும் தகவலை எல்லா உறுப்பினருக்கும் தருவதும் நல்ல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன. வாரியத்தினர் தனியே மனம்விட்டுப் பேசுவதற்கும் வரம்புண்டு: கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி (1953), சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பான்மை உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்துக்கு வெளியே அலுவல்களை விவாதிக்கக் கூடாது. தேர்தலில் வாரியம் மாறி, ஒப்பந்தம் முடியுமுன்பே கண்காணிப்பாளர் வெளியேறுவதும் உண்டு.