பேச்சும் குடக்கூலியும்

2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அவர்களில் பலர் புழங்கிய பார்லர் என்ற சமூக வலைத்தளம் ஐந்தே நாட்களில் காணாமல் போயிற்று. 8ஆம் தேதி கூகுள் தன் செயலிக் கடையிலிருந்து அதை நீக்கியது. 9ஆம் தேதி ஆப்பிள். 10ஆம் தேதி நள்ளிரவோடு அமேசான் தன் சர்வர்களிலிருந்தே இறக்கிவிட்டது. அரசாணை இல்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை.

வலதுசாரிகள் இதைத் தணிக்கை என்றார்கள். மற்றவர்கள் ‘அப்பாடா, ஒழிஞ்சது’ என்று மூச்சுவிட்டார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை. வன்முறையைத் தூண்டும் 98 பதிவுகளைப் பல வாரங்களாகச் சுட்டிக்காட்டி வந்ததாக அமேசானே எழுதியது. அப்படியானால் அதுவரை பொறுத்துக்கொண்டதை ஜனவரியில் ஏன் பொறுக்க முடியவில்லை? மாறியது பேச்சல்ல, அதைத் தாங்கி நிற்பதற்கான விலை. ரத்தம் சிந்தியாயிற்று. அமேசான் ஊழியர்களில் ஒரு பகுதியினரே வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். அதே வாரம் ஜார்ஜியா தேர்தல் முடிவால் செனட்டும் டிரம்ப் கட்சியின் கையைவிட்டுப் போனது.

இந்தக் கத்திக்கு இடது வலது தெரியாது. 2010 டிசம்பரில் செனட்டர் ஜோ லீபர்மனின் அலுவலகம் விசாரித்ததும் அமேசான் விக்கிலீக்ஸை வெளியேற்றியது. பேபால், விசா, மாஸ்டர்கார்டு நன்கொடை வரும் வழியை அடைத்தன. அப்போதும் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. 2017 ஆகஸ்டில் டெய்லி ஸ்டார்மர் என்ற நாஜித் தளத்தைக் கைவிட்ட கிளவுட்ஃபிளேரின் தலைவர் மேத்யூ பிரின்ஸ், காலையில் எரிச்சலோடு எழுந்து எடுத்த முடிவு அது என்றும், அத்தகைய அதிகாரம் யாரிடமும் இருக்கக்கூடாது என்றும் தன் ஊழியர்களுக்கு எழுதினார். முதலாளியே இவ்வளவு பச்சையாகச் சொல்வது அபூர்வம்.

1910ஆம் ஆண்டுச் சட்டம் தந்தி, தொலைபேசிக் கம்பெனிகளைப் பொதுச்சேவையாளர்கள் என்று வகுத்தது: வருகிறவரிடையே பாரபட்சம் காட்டக்கூடாது. சர்வர் வைத்திருப்பவருக்கு அந்தக் கடமை கிடையாது. பார்லர் வழக்குத் தொடுத்தது. 2021 ஜனவரி 21 அன்று நீதிபதி பார்பரா ரோத்ஸ்டீன் இடைக்காலத் தடை தர மறுத்தார். சட்டப்படி இது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறுதான்.

ஜனவரி 6க்கான ஆள்திரட்டல் பேஸ்புக்கிலும் நடந்தது. ஆனால் அதற்குச் சொந்தத் தரவு மையங்கள் உண்டு. அதை யார் காலி செய்யச் சொல்வது?

வெறுப்புப் பேச்சைத் தடுக்கத்தான் வேண்டும். எழுதிவைத்த விதி, சொல்லப்பட்ட காரணம், மேல்முறையீடு இவற்றோடு தடுக்க வேண்டும் என்பதே என் வாதம். இல்லையேல் கிடைப்பது நீதி அல்ல, வீட்டுக்காரரின் சௌகரியம். 2021 மே மாதம் பார்லர் ஆப்பிள் கடைக்குத் திரும்பியபோது, வெறுப்பு என்று முத்திரையிட்ட பதிவுகளை ஐபோனில் மட்டும் மறைத்தது. மற்ற வழிகளில் வந்தவர்களுக்கு அவை தெரிந்தன. வெறுப்பு அங்கேயேதான் இருந்தது. ஆப்பிளின் வாசலில் மட்டும் இல்லை.