கடற்பாசியைச் சர்க்கரையாக்கும் திண்ம வினையூக்கிகள்

கடற்பாசியைச் சர்க்கரையாக்கும் திண்ம வினையூக்கிகள் என்பவை, கடற்பாசியிலுள்ள கூட்டுச்சர்க்கரைகளை நீராற்பகுப்பு மூலம் எளிய சர்க்கரைகளாக உடைக்கும், நீரில் கரையாத அமிலப் பொருட்கள் ஆகும். வினை முடிந்ததும் இவற்றை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். கிடைக்கும் சர்க்கரையை நொதிக்கச் செய்து எத்தனால் பெறலாம்.

பின்னணி

கொடுமுடி போன்ற காவிரிப் பாசனப் பகுதிகளில் விளையும் கரும்பின் சாற்றில் சர்க்கரை கரைந்த நிலையிலேயே உள்ளது. ஆனால் கரும்புக்கு விளைநிலமும் மிகுந்த நன்னீரும் தேவை. கடலில் வளரும் பாசிக்கு இவ்விரண்டும் தேவையில்லை. எனினும் அதன் சர்க்கரைகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்துள்ளதால், அவற்றை உடைத்தே பெறவேண்டும்.

தமிழ்நாட்டில்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் காப்பாபைக்கசு அல்வரேசி ஒரு சிவப்புப் பாசியாகும். பிலிப்பீன்சைத் தாயகமாகக் கொண்ட இது, குசராத்தின் பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தால் 1984-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்நிறுவனத்தின் ஆய்வு நிலையம் மண்டபத்தில் உள்ளது.

இப்பாசியின் முதன்மைக் கூட்டுச்சர்க்கரை காப்பா-கராகீனன் ஆகும். இதில் சல்பேட்டேறிய கலக்டோசும் 3,6-நீரிலி கலக்டோசும் மாறிமாறி அமைந்துள்ளன. சிறிதளவு செல்லுலோசும் பாசியில் உண்டு. அது குளுக்கோசைத் தரும். நீர்த்த கந்தக அமிலத்தால் இப்பாசியைச் சர்க்கரையாக்கி எத்தனால் பெறும் முறையை இந்நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

செயற்படும் முறை

கந்தக அமிலம் மலிவானது. ஆனால் அது சர்க்கரைக் கரைசலுடன் கலந்துவிடுவதால் மீட்பது கடினம். சுண்ணாம்பு சேர்த்து நடுநிலையாக்கினால் ஜிப்சம் கழிவாகச் சேரும். திண்ம வினையூக்கியில் அமிலத் தொகுதிகள் பிசின், கரி போன்றவற்றின் பரப்பில் பிணைக்கப்பட்டிருப்பதால் இச்சிக்கல் குறைகிறது. கராகீனன் வெந்நீரில் கரையும். ஆகவே வினையூக்கியின் பரப்பை எளிதில் அடையும். கரையாத செல்லுலோசு அவ்வாறு அடைவதில்லை.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கராகீனன் தரும் பாசியை அயனிப் பரிமாற்றப் பிசின் கொண்டு சர்க்கரையாக்கும் ஆய்வை 2013-இல் வெளியிட்டனர்.

மறுபயன்பாட்டின் வரம்புகள்

இவ்வினையூக்கிகளின் முதன்மைத் தடை பாசியிலுள்ள உப்பே ஆகும். பொட்டாசியம், சோடியம், கல்சியம் ஆகியவற்றின் அயனிகள் வினையூக்கியிலுள்ள ஐதரசன் அயனிகளின் இடத்தைப் பிடிக்கின்றன. வெளியேறிய ஐதரசன் அயனிகள் கரைசலுக்குச் செல்வதால், முதற்சுற்றில் சர்க்கரை நன்கு கிடைப்பினும் அடுத்தடுத்த சுற்றுகளில் விளைவு குறையும். அமிலத்தால் கழுவி வினையூக்கியைப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கே மிகுந்த அமிலம் செலவானால், திண்ம வினையூக்கியின் பயன் குன்றும்.

ஆகவே உப்பை முன்கூட்டியே நீக்குவது முக்கியமானது. காப்பாபைக்கசைப் பச்சையாக அரைத்துப் பிழிந்தால், பொட்டாசியம் மிகுந்த சாறு பிரிகிறது. அது பயிர்களுக்குத் திரவ உரமாகப் பயன்படுகிறது. எஞ்சும் சக்கையில் உப்பு குறைவாக இருக்கும்.

வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. நீரிலி கலக்டோசு அமிலத்தில் எளிதில் சிதைந்து, நொதித்தலைத் தடுக்கும் ஐதராக்சிமெத்தில்பர்பியூராலாக மாறும். மிகுந்த வெப்பத்தில் வினையூக்கியின் அமிலத் தொகுதிகளும் கழன்றுபோகலாம். எனவே ஒரு வினையூக்கியை முதற்சுற்று விளைவைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், பல சுற்றுகளுக்குப் பின்னும் அது தரும் சர்க்கரையின் அளவைக் கொண்டே மதிப்பிடவேண்டும்.