உலர்ந்த கேலியும் உரத்த பொய்யனும்

அண்மையில் இலண்டனிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஆங்கில இலக்கியம் பயில்பவள். பரீட்சைக்காக நீண்டதோர் அணிப்பெயர்ப் பட்டியலை மனனம் செய்யவேண்டியிருக்கிறதென்றும், அவற்றுட் பெரும்பாலானவை கிரேக்கச் சொற்களாதலால் நாவிலே நிற்க மறுக்கின்றன என்றும் அலுத்துக்கொண்டாள். "மாமா, இதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பெயர் வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

ஒருவர் வைத்தார். 1589 ஆம் ஆண்டிலேயே வைத்தார். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குமுன் அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எனவே வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

அவ்வாண்டில் இலண்டனில் 'ஆங்கிலக் கவிதைக் கலை' என்னும் பொருள்படும் நூலொன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதை அச்சிட்டவர் ரிச்சர்ட் ஃபீல்ட். சேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்தவர். நான்காண்டுகளின் பின்னர் சேக்ஸ்பியரின் 'வீனசும் அடோனிசும்' காவியத்தை அச்சிட்டவரும் அவரே. பெயர் மறைத்த ஆசிரியர் ஜோர்ஜ் பட்டன்ஹம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிபு. மனிதர் அப்படியொன்றும் உத்தமர் அல்லர். மனைவியோடு நெடுங்காலம் வழக்காடியவர், சிறைவாசமும் கண்டவர். ஆயினும் மொழியின் நுட்பத்தை அறிந்த காது அவருக்கு இருந்தது.

அக்கால ஆங்கிலப் பள்ளிகளில் அணியிலக்கணம் இலத்தீன் வழியாகவே புகட்டப்பட்டது. அது ஆண்பிள்ளைகளுக்குரிய கல்வி. மதபோதகராகவும் வழக்கறிஞராகவும் வரவிருப்போர் சிசரோவையும் குவிண்டிலியனையும் உருப்போட்டனர். 1553 இல் தோமஸ் வில்சனும், 1577 இல் ஹென்றி பீச்சமும் இக்கலையை ஆங்கிலத்தில் எழுதினார்களாயினும் கிரேக்க, இலத்தீன் பெயர்களைப் பெரிதும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பட்டன்ஹமோ பள்ளிக்கூடத்துக்காக எழுதவில்லை. அரசவைப் பெண்களையும் பிரபுக்களையும் முன்னிறுத்தி எழுதினார். ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட அணிகளை எடுத்துக்கொண்டு, தெருவில் நடமாடும் மனிதர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவதைப் போல ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டினார்.

உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் 'ஐரனி' அவரிடம் 'உலர்ந்த கேலி' ஆயிற்று. 'சார்க்காசம்' என்பது 'கசப்பான குத்தல்'. உருவகம் 'இடம்பெயர்ப்பு'. ஒன்றன் பெயரை இன்னொன்றுக்கு ஏற்றும் ஆகுபெயருக்கு 'பெயர் மாற்றி அழைப்பவன்' என்று பெயர். புன்னகையோடு புண்படுத்தும் பேச்சு 'இரகசியக் கிள்ளல்'. உயர்வு நவிற்சிக்கு மட்டும் இரண்டு பெயர்கள்: 'எட்டாததை எட்டுபவன்', 'உரத்த பொய்யன்'. இவற்றைப் படிக்கும்போது இலக்கணம் படிக்கும் உணர்வே எழுவதில்லை. ஒரு விருந்து மண்டபத்தில் கூடியிருக்கும் ஆட்களை யாரோ நமக்கு அடையாளம் காட்டுவதுபோல் இருக்கிறது. நம் தண்டியலங்காரம் வடமொழி 'ரூபக'த்தை உருவகமென்றும் 'தீபக'த்தைத் தீவகமென்றும் தமிழ் ஓசைக்கு இசையவைத்ததோடு அமைந்தது. பட்டன்ஹம் அதற்கும் அப்பால் போனார்.

இது வெறும் மொழிப்பற்று அன்று. இந்த அணிகள் யாருக்கு, ஏன் தேவைப்பட்டன என்பதைக் கவனித்தால் விளங்கும்.

இந்நூல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1579 இல், ஜோன் ஸ்டப்ஸ் என்பவர் எலிசபெத் மகாராணி பிரெஞ்சு இளவரசரான ஆன்ஷூ கோமகனை மணக்கலாகாது என்று துண்டுப்பிரசுரம் எழுதினார். அணி, அலங்காரம் எதுவுமில்லாத நேர்ப்பேச்சு. அவருடைய வலக்கை பொதுமக்கள் முன்னிலையில் வெட்டப்பட்டது. பிரசுரத்தைப் பரப்பியவரின் கையும் வெட்டப்பட்டது. ஸ்டப்ஸ் எஞ்சிய இடக்கையால் தொப்பியைக் கழற்றி மகாராணியை வாழ்த்தினார் என்பது வரலாறு.

அத்தகைய அரசவையில், 'அலெகரி' எனப்படும் மறைபொருட் பேச்சைப் பட்டன்ஹம் எல்லா அணிகளுக்கும் தலைவனாக வைத்தார். 'பொய்த் தோற்றம்' என்று பெயரிட்டார். அரசவையாளனுக்கு இன்றியமையாத அணி அதுவே என்றும் எழுதினார். சொல்லும் பொருளும் வெவ்வேறு திசையில் போகத் தெரியாதவன் அங்கே நிலைக்க இயலாது. அவசரகாலச் சட்டத்தின்கீழ், தணிக்கையாளரின் பேனாவை நினைந்து நினைந்து ஆசிரிய தலையங்கம் எழுதிய எம்போன்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே நூலில் அவர் ஓர் அணியைக் கண்டு அஞ்சுகிறார். இருபொருள்படப் பேசுதல் அது. தெளிவற்ற தீர்க்கதரிசனங்களை நம்பிப் பாமர மக்கள் கலகத்தில் இறங்கிய கதைகளை அவர் எடுத்துக்காட்டுகிறார். 1549 இல் நோர்ஃபோக்கில் நிகழ்ந்த கெற்றின் கிளர்ச்சியும் அவற்றுள் ஒன்று. பிரபு பேசினால் நயம், குடியானவன் பேசினால் கலகம்! இந்த அச்சம் வீணன்று என்பதை 1605 ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதி காட்டிற்று. அடுத்த ஆண்டு மரணதண்டனைக்குள்ளான இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெற்றின் வழக்கில், இருபொருட் பேச்சு நியாயமா என்பதே ஒரு குற்றச்சாட்டுப் போல விசாரிக்கப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே எழுதப்பட்ட 'மக்பெத்' நாடகத்தில் சூனியக்காரிகளின் இருபொருள் வாக்கு ஓர் அரசனைக் கொலைகாரனாக்கி இறுதியில் வீழ்த்துகிறது. இன்று மாணவர் 'இருபொருட் பேச்சு: உதாரணம் தருக' என்ற வினாவுக்கு அதனையே எழுதிப் புள்ளி பெறுகின்றனர்.

பட்டன்ஹமின் பெயர்களோ நிலைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1591 இல், ஜோன் ஹரிங்டன் என்னும் அரசவைக் கவிஞர் இந்த முகமறியா ஆசிரியரைக் கிண்டல் செய்தார். 1667 இல் அரச கழகத்தின் வரலாற்றை எழுதிய தோமஸ் ஸ்பிராட், அறிவியலுக்கு அணிகளே ஆகாதென்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவின் ஹியூ பிளேயர் அவற்றை நல்ல ரசனைக்கான பாடமாக்கி, 1783 இல் தம் விரிவுரைகளை வெளியிட்டார். பின்னர் பேரரசின் பரீட்சைகள் வந்தன. அவை இலங்கைக்கும் வந்தன. கத்திமுனையில் நடந்த பேச்சின் பெயர்கள் பட்டியலாகின. பட்டியலுக்குக் கிரேக்கமே வசதி. ஒருவருக்கும் புரியாத சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்கலாமல்லவா.

ஒரேயொரு பெயர் மீண்டு வந்தது. 1952 இல் அமெரிக்க விமர்சகர் ஹரி லெவின், கிறிஸ்தோபர் மார்லோவைப் பற்றிய தமது ஆய்வு நூலுக்குப் பட்டன்ஹமிடமிருந்து 'எட்டாததை எட்டுபவன்' என்பதையே எடுத்துத் தலைப்பாக்கினார். மார்லோவின் நாயகர்கள் பேசுவது உயர்வு நவிற்சியில், வாழ்வதும் அதிலேதான். மார்லோவுக்கு எதிராக மதநிந்தனைச் சந்தேகத்தின் பேரில் 1593 மே 18 இல் பிடியாணை பிறந்தது. மே 30 இல் டெப்ட்ஃபோர்டில் ஒரு வீட்டில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.